கூலியும் தராசும் அந்நியனும்



கிறிஸ்தவ வேதத்தின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்றொரு நூல் உண்டு. பலிகளையும் பண்டிகைகளையும் பற்றிய விதிகள் நிறைந்த நூல் அது. ஆயினும் அதன் 19ஆம் அதிகாரம் அன்றாட வாழ்வுக்குரிய மூன்று கடமைகளையும் வழிபாட்டுக்குச் சமமாக வைத்துப் பேசுகின்றது. உழைத்தவனுடைய கூலியை மறுநாள்வரை நிறுத்திவைத்தல் ஆகாது என்பது ஒன்று. நிறையிலும் அளவிலும் வஞ்சனை கூடாது என்பது மற்றொன்று. நாட்டில் வந்து தங்கிய அந்நியனை அந்நாட்டிற் பிறந்தவனைப் போலவே நடத்துதல் வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் நம் மலைநாட்டுத் தோட்டங்களில் எவ்வாறு சோதனைக்குள்ளாயின என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1854ஆம் ஆண்டு கண்டி மாநகரில் கோப்பித் தோட்டத் துரைமார் தங்கள் சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டிலேயே, தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களுக்கென ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் தொடர்போடு ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. திருநெல்வேலியில் ஊழியம் புரிந்த செப்திமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதனை நடத்த வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து வந்தனர். இப்பணிக்கு வேண்டிய பொருளைத் துரைமாரே சந்தாவாக அளித்தனர்.

உபதேசிமார் தோட்டந்தோட்டமாகச் சென்று வேதத்தைப் போதித்தனர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தனர். மாரியம்மனையும் முருகனையும் வழிபட்ட மக்களிற் பெரும்பாலோர் தம் சமயத்திலேயே நிலைத்து நின்றனர். எனினும் வேறெவரும் பள்ளி வைக்க எண்ணாத காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நன்மையை மறப்பது முறையன்று. அதே வேளையில் ஒன்றையும் மறைப்பதற்கில்லை. துரையின் அனுமதியோடு தோட்டத்திற் புகுந்து, துரை தந்த பணத்திலே சம்பளம் பெற்ற ஓர் உபதேசியார், கூலியைப் பற்றிய வேத வாக்கியத்தைத் துரையின் செவியிற் படும்படி விளக்குவது எளிதாக இருந்திராது.

அக்காலத்துக் கூலியின் நிலை யாது? சம்பளம் பல மாதங்கள் நிலுவையில் நிற்றல் வழக்கமாயிருந்தது. வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கழுத்திற் கடனாகத் தொங்கியது. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. கோப்பிச்செடி இலைநோயால் மடிந்து, மலையெங்கும் தேயிலை பரவிய பின்னரும் இம்முறை நீடித்தது. துண்டு முறை ஒழிந்தது 1921இல். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது 1927இல். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்துக் கூலிக்காக வாதாடிய கோ. நடேசய்யர் கிறிஸ்தவரல்லர், தஞ்சைத் தரணியிலிருந்து வந்த அந்தணர். திருச்சபை உரக்கக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

இனித் தராசுக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒருநாள் உழைப்பைத் தீர்மானிப்பது மடுவத்துத் தராசு. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழிப்பார்கள். மிஞ்சியது குறித்த அளவுக்குக் குறைந்தால் முழுப்பேர் கிடையாது; அரைப்பேர்தான். நியாயமான கழிவு எது, அநியாயமான கழிவு எது என்று வழக்குரைக்கத் தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கு நேரமுமில்லை, துணையுமில்லை. மிகப் பழங்காலத்தில் எழுதப்பட்ட நிறைகல் விதி இன்றும் பழமையடையவில்லை.

மூன்றாவது சோதனையே மிகப் பெரியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களுள் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். பாராளுமன்றத்தில் அம்மசோதாவை எதிர்த்தவர்களுள் ஒருவரான சா. ஜே. வே. செல்வநாயகம் கிறிஸ்தவர். 1964இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. எந்தத் தொழிலாளியையும் கேட்டு அக்கணக்கு எழுதப்படவில்லை. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன; அவற்றுள் பிந்தியது வந்தபோது, 1948ஆம் ஆண்டின் சட்டம் பிறந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

இடையில் திருச்சபைக்குள்ளும் ஒரு விழிப்பு உண்டாயிற்று. 1972இல் யேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வாழ்ந்து உழைக்கும் இல்லமாக அது அமைந்தது. 1974இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. பட்டினியால் மாண்டவரும் உண்டு. அவ்வாண்டிலேயே கிறிஸ்தவ அமைப்புகள் ஒன்றுகூடித் தோட்டப் பகுதிகளுக்கென ஓர் இணைப்புச் செயலகத்தை நிறுவின. தொழிலாளியின் சமயம் எதுவென்று வினவாது, அவனுடைய பசியையும் பிரஜாவுரிமையையும் அவை பேசின. 1854இல் துரையின் அனுமதியோடு வந்த வேதம், ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் தொழிலாளியின் பக்கத்தில் நின்று வாசிக்கப்பட்டது எனலாம்.

வேத வாக்கியம் இடையில் மாறிவிடவில்லை. அதனை வாசித்தவர் நின்ற இடமே மாறியது. அந்நியனுக்கு நீதி செய்யுமாறு பணிக்கும் அவ்வதிகாரம் அதற்கொரு காரணத்தையும் கூறுகிறது: கேட்போரும் ஒருகாலத்தில் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தவர்களே. இந்நினைவு எச்சமயத்தார்க்கும் பொதுவானது.

1,000 ரூபாய் நாட்கூலிக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இலேயே அதனைச் சட்டப்படி பெற்ற மக்கள் இவர்கள். ஆதலின் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவ்வதிகாரம் வாசிக்கப்படும்போது, திங்கட்கிழமை மடுவத்துத் தராசையும், மாத முடிவிற் சம்பள மேசையையும் நினைத்துக்கொள்வது நன்று. வாசித்த வாக்கியம் மெய்யாயிற்றா என்பது அங்கேதான் தெரியவரும்.