கால் அங்குல முகம்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறாள். அம்மா இறந்து ஓராண்டு ஆகிறதாம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த அம்மா படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல சார். எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுவாங்க. அதுல அம்மா மூஞ்சிய மட்டும் பெருசா எடுத்துக் குடுப்பீங்களா?"

அந்தப் படம் 1987-இல் எடுத்தது. எட்டுக்கு ஆறு அங்குலம், கறுப்பு வெள்ளை. 2008-இல் பள்ளி விழாவுக்காகப் பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே சிடியில் போட்டோம். "எல்லாம் ஒரு சிடியில அடங்கணும், சின்னதாவே போடுப்பா" என்று கடைப் பையனிடம் சொன்னது நான்தான். அவன் 100 டிபிஐ வைத்தான். 800-க்கு 600 புள்ளி. அன்றைய கணினித் திரையில் நிறைவாகத்தான் தெரிந்தது. மூலப்படம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. இப்போது மிச்சம் அந்தச் சிடிதான்.

கணக்கு எளிது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் பதிகிறது என்பது. குரூப் போட்டோவில் ஒரு பிள்ளையின் முகம் கால் அங்குலம் இருக்கும். 100-இல் எடுத்தால் அந்த முகத்துக்கு 25 புள்ளி. 600-இல் எடுத்திருந்தால் 150 புள்ளி. 25 புள்ளியில் தலை தெரிகிறது, எண்ணெய் வைத்து வகிடெடுத்தது தெரிகிறது. கண் தெரியவில்லை.

ஒரு படத்தில் பின்னால் எதைத் தேடுவார்கள் என்பது எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. இதற்கு நம் ஸ்ரீபெரும்புதூரைவிடப் பெரிய சாட்சி எந்த ஊரிலும் இல்லை. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, படமெடுக்க வந்த ஹரிபாபுவும் குண்டுவெடிப்பில் இறந்தார். அவருடைய கேமரா மட்டும் சேதமில்லாமல் கிடைத்தது. உள்ளே 10 படங்கள். அவற்றில் ஒன்றில், கையில் மாலையோடு ஒரு பெண் காத்து நிற்கிறாள். ஓரத்தில் குர்தா பைஜாமாவில், நிருபர்போல ஒருவர். அவள் தணு, அவர் சிவராசன் என்று பின்னர் தெரிந்தது. வழக்கின் முக்கியமான தடயம் அந்தப் பிலிம் சுருள்தான். கூட்டத்தில் நின்ற முகங்கள் வரலாறாகிவிட்டன. மூலப் பிலிமே கையில் இருந்ததால் வேண்டிய இடத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது.

நம் குடும்பப் படங்களில் அப்படிப்பட்ட ரகசியம் ஏதுமில்லைதான். ஆனால் அந்த 1987 படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் களத்துமேடு இருந்தது, பனைவரிசை இருந்தது, அப்பால் ஏரிக்கரை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கி 2014-இல் மூடியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். நான் படத்தில் சொன்ன களத்துமேட்டில் இன்று ஒரு காம்பவுண்ட் சுவர் ஓடுகிறது. வேலை வந்தது, வருமானம் வந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் எப்படி இருந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், என் சிடியில் இருப்பது சாம்பல் நிறத் தீற்றல்.

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியது. அவர்கள் தேடியது பிரபலங்களின் படங்களை அல்ல, நம்மைப்போன்ற குடும்பங்களின் படங்களை.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது:

சாதாரணப் பிரிண்டுக்கு 600 டிபிஐ. அதே அளவில் மறுபடி அச்சிட 300 போதும். முகத்தைப் பெரிதாக்க 600 வேண்டும். அக்பா கிளிக் கேமராவில் எடுத்த சின்னச் சதுரப் படம், பாஸ்போர்ட் படம் என்றால் 1200. அதற்குமேல் போனால் பெரும்பாலும் காகிதத்தின் நாரும் தூசியும்தான் பெரிதாகும். ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் மிகப் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். பல நேரம் அது கணினி இட்டு நிரப்பும் புள்ளி.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள். பழுப்பேறிய நிறமும் மைக்கறையும் காலத்தின் அடையாளம். தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். நெகட்டிவ் இருந்தால் அதையே தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.

என் எட்டுக்கு ஆறு படத்தை 600-இல் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் 52 எம்பி வரும். 700 எம்பி சிடியில் 13 படம்தான். 2008-இல் நான் தயங்கியதற்கு அதுவே காரணம். இன்று ஒரு டெராபைட் டிஸ்கில் அப்படி 19,000 படங்கள் அடங்கும். வாட்சப்பில் அனுப்பச் சின்னப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதை அழிக்காதீர்கள். ஸ்கேன் முடிந்தது என்று மூலப்படத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன்? பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ ஆப்பில் போட்டு 25 புள்ளியைப் பளிச்சென்ற முகமாக்கித் தந்தான். கண், இமை, உதடு எல்லாம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகா இருக்கு சார். ஆனா இது எங்க அம்மா இல்ல" என்றாள். உண்மைதான், எனக்கும் அது தெரிந்தது. நான் நாலு வருஷம் பாடம் எடுத்த பிள்ளையின் முகம் அதில் இல்லை.

அன்று அந்தக் குரூப் போட்டோவைக் காசு கொடுத்து வாங்கிய வீடுகள் சில உண்டு. 1987-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கேயும் கொடுத்தனுப்ப வேண்டாம், ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கடைசி வரிசை, இடமிருந்து மூன்றாவது.