தாது வருடப் பஞ்சமும் பக்கிங்காம் பிரபுவும்

பக்கிங்காம் என்ற பெயர் சென்னையில் ஒரு கால்வாயின் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்ரேன் என்ற வணிகர் எண்ணூர்ப் பக்கம் வெட்டிய நீர்வழி, பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு மட்டும் வெகுகாலம் வெட்டப்படாமல் கிடந்தது. 1877-78இல் அதை வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள். வேலை முடிந்ததும் கால்வாய் முழுவதற்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. 1875 முதல் 1880 வரை சென்னை ராஜதானியை ஆண்ட அந்தப் பிரபுவைப் பற்றி, எல்லாம் கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் அரசின் கட்டளை, அவரால் என்ன செய்ய முடியும் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. வைஸ்ராய் லிட்டனின் கொடுமைக்கு முன் பக்கிங்காம் நல்லவராகத் தெரிவது உண்மைதான். ஆனால் தாது வருடத்து (1876-77) நடவடிக்கைகளை வரிசையாகப் பார்த்தால், செய்ய வேண்டியது என்ன என்று தொடக்கத்திலேயே கண்டுகொண்டு, பிறகு அதைக் கைவிட்ட ஒருவரைத்தான் காண்கிறோம். அவர் மீதான குற்றச்சாட்டு இதிலிருந்துதான் எழுகிறது.

1876இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது, வடகிழக்கும் பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை தொடங்கி வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் வரை காடு மேடெல்லாம் காய்ந்தது. அப்போது பக்கிங்காமின் அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. ஆர்பத்நாட் கம்பெனி மூலம் சுமார் 30,000 டன் தானியத்தையும் ஓசையில்லாமல் வாங்கியது. இது சரியான முடிவு. சந்தையில் அரசு கைவைத்தால் வணிகர் ஒதுங்கிவிடுவர் என்று கல்கத்தா கண்டித்தது. சென்னை பணிந்தது, கொள்முதல் அதோடு நின்றது. அதன்பின் கப்பலில் வந்த தனியார் தானியம் சென்னைக் கடற்கரையில் மலையாய்க் குவிய, அதை உள்நாட்டுக்கு இழுத்துச் செல்ல ரயில் வண்டிகள் போதவில்லை. இங்கிலாந்தின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளில் ஒன்றான லண்டன் வடமேற்கு ரயில்வேக்கு 1853 முதல் 1861 வரை தலைவராயிருந்தவர் இந்த ஆளுநர். இந்த நெருக்கடி எதில் போய் முட்டும் என்று அந்த ராஜதானியில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அந்த நேரத்தில்தான், 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாருக்காக அவர் டெல்லிக்குப் போனார்.

அந்த ஜனவரியிலேயே லிட்டன் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். நிவாரண வேலையில் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அரை அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்க வேண்டும். ராஜதானியின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எழுத்தில் எதிர்த்தார். சிறைக் கைதிக்கே இதைவிட அதிக உணவு கிடைக்கிறது என்றும், மெலிவு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு ஊட்டினாலும் உயிர் நிற்காது என்றும் ஆதாரத்தோடு சொன்னார். அந்த அறிக்கைகள் ஆளுநரின் மேசைக்கு வந்தவை. ஆனாலும் கூலி உயர மாதங்கள் ஆயின. இந்தக் கொள்கையின் உள் முரண்பாட்டை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தானியத்தை வணிகரிடமே விட்டுவிடு என்றால், அதை வாங்கக் காசாவது ஏழையின் கையில் இருக்க வேண்டும். நிலமற்ற கூலிக்கும் தறி நின்றுபோன நெசவாளிக்கும் அந்தக் காசு நிவாரண வேலையில் மட்டுமே கிடைத்தது. அரசோ தானியமும் வாங்க மறுத்தது, கூலியையும் குறைத்தது. இரண்டு கதவையும் ஒருசேர அடைத்த பிறகு கஞ்சித் தொட்டிதான் மிச்சம்; அங்கே வந்து சேர்ந்த பலர் கார்னிஷ் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தார்கள்.

ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்ற வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல; செலவுக்குப் பணம் தர வேண்டியது கல்கத்தாதான். ஆனால் சென்னை, பம்பாய் ஆளுநர்கள் மற்ற மாகாணத் தலைவர்களைப் போன்றவர்கள் அல்லர். அவர்களை நேரே மகுடமே நியமித்தது, அவர்களுக்குத் தனிச் சபை இருந்தது, லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கு நேரடியாக எழுதும் உரிமையும் இருந்தது. பக்கிங்காம் சாதாரண அதிகாரியும் அல்லர், 1867-68இல் குடியேற்ற நாடுகளின் மந்திரியாயிருந்தவர். 1877இல் இந்தியா மந்திரியாயிருந்த சாலிஸ்பரி பிரபு, பத்தாண்டுக்கு முன் அவரோடு ஒரே மந்திரிசபையில் இருந்தவர். 1866இல் ஒரிசாவில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்த பஞ்சத்தின்போதும் இந்தியா மந்திரி அதே சாலிஸ்பரிதான். அன்று உடனே செயல்படாமல் இருந்துவிட்டதை நினைத்து வருந்தியவர். கொள்கையளவில் அவர் லிட்டன் பக்கம் சாய்ந்தவர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கார்னிஷின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முறையிட, அவரைவிடப் பொருத்தமான ஆளும் இல்லை, பக்கிங்காமைவிடத் தகுதியுள்ள முறையீட்டாளரும் இல்லை.

அந்தக் காலத்துப் பொருளாதார அறிவே அவ்வளவுதான் என்பது இன்னொரு வாதம். அதைப் பொய்யாக்குபவர் டெம்பிளேதான். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அவர் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை அரசுச் செலவில் இறக்கினார். பட்டினிச் சாவு மிக அரிதாயிற்று. ஊதாரி என்று பழி வந்தது. அந்தப் பழியைத் துடைக்கவே சென்னையில் அவர் கை இறுகியது. அரசு வாங்கித் தந்தால் மக்கள் பிழைப்பார்கள் என்ற அறிவு, மூன்றே ஆண்டுக்கு முன் நடந்து காட்டிய அறிவு. பக்கிங்காமின் 30,000 டன் அதே பாடத்திலிருந்து எடுத்த முதல் அடிதான். இரண்டாம் அடியைத்தான் அவர் எடுத்து வைக்கவில்லை.

1877 ஆகஸ்டில் அவர் மாறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டும் மழை தள்ளிப்போக, சென்னையில் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி லண்டன் மேயருக்கு உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார். தன்னைக் கேளாமல் வெளிநாட்டில் கையேந்தியதாக லிட்டனுக்குக் கடுங்கோபம். ஆயினும் நன்கொடை குவிந்தது. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி செயலாளராயிருந்த குழு அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. ஆளுநரின் பதவியும் பறிபோகவில்லை. லிட்டன் சென்னைக்கு வந்துபோன பிறகு பஞ்ச நிர்வாகம் முழுவதையும் பக்கிங்காமே நேரடியாக ஏற்றார். கல்கத்தாவை மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதுதான் விடை: ஒரு வைஸ்ராயின் கோபம், அவ்வளவே. கூலி வெட்டப்பட்டபோதும் இந்த விடை இதுவாகவே இருந்திருக்கும். செப்டம்பரில் மழை பெய்தபோது, காலராவும் அதன்பின் காய்ச்சலும் பட்டினியில் இளைத்த உடல்களைக் கொண்டுபோயின. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பங்கு சென்னை ராஜதானியின் குடிமக்கள்.