வெடி எழுப்பிய அணை

வெடியோசை கேட்டால் அழிவை மட்டுமே நினைக்கப் பழகியவன் நான். அந்நினைப்பைச் சற்றே திருத்திய வரலாறொன்று உண்டு.

கசகஸ்தானின் அல்மாட்டி நகர் மலையடிவாரத்தில் உள்ளது. 1921 ஜூலையில் மலையிலிருந்து பாறைகளை உருட்டிவந்த சேற்று வெள்ளம் நூற்றுக்கணக்கானோரைக் காவுகொண்டது. இனியொரு வெள்ளத்தைத் தடுக்க, மெடேயு பள்ளத்தாக்கில் அணை கட்ட முனைந்தனர். கல்லை உடைத்துச் சுமந்து குவிப்பதற்குப் பதிலாக, மலையையே பள்ளத்தாக்கில் சரிப்பதென முடிவாயிற்று. மலையைக் குடைந்து வெடிமருந்தை நிரப்பினர். 1966 ஒக்டோபர் 21இல் வலக்கரையில் 5,000 தொன்னுக்கு மேல் வெடித்தது; 1967 ஏப்ரலில் இடக்கரையும் வெடித்தது. சரிந்த பாறைகளே அணையின் உடலாயின.

1973 ஜூலை 15இல் சோதனை வந்தது. சேற்று வெள்ளம் அணைக்குள் நிரம்பியது. நீர் வெளியேறும் வழிகள் அடைபட்டன. கல்லிடுக்குகளில் நீர் கசிந்தது. பம்பிகளும் குழாய்களும் கொண்டு மனிதர் இரவுபகலாக நீரை இறைத்தனர். அணை நின்றது, நகர் பிழைத்தது. பின்னர் அணையை 150 மீற்றராக உயர்த்தினர்.

'அணை' என்பதற்குத் தழுவுதல் என்றும் பொருளுண்டு. வகுப்பில் அதை விளக்கும்போதெல்லாம், ஒரு நகரைத் தழுவி நின்ற அந்தக் கற்குவியலே என் நினைவில் எழும்.