நெஜாங்சான்

தென்கொரியாவின் வட ஜொல்லா மாகாணத்தில், ஜோங்உப் நகரை அடுத்து எழுந்துள்ள இம்மலை, 763 மீட்டர் உயரமே உடையதாயினும், இலையுதிர் காலத்து மேப்பிள் மரங்களின் வர்ண சோபையால் அந்நாட்டு மலைகளுள் தனிப் பிரசித்தி பெற்றதாகும். 1971இல் தேசியப் பூங்காவாயிற்று. அக்டோபர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை, இரவுக் குளிர் மிகுந்து இலையின் பசுமை குன்ற, அதனுள் தங்கிய சர்க்கரையினின்று செந்நிறம் உண்டாகும் அப்பருவத்தில், நெஜாங்சா என்னும் பௌத்த ஆலயத்திற்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் மரங்கள் கிளை கோத்துச் செவ்விதானம் அமைக்கின்றன. ஜனத்திரள் சேருமுன், விடியற்காலையில் நடந்து காண்பதே உசிதம்.

636இல் ஸ்தாபிக்கப்பட்டதாகக் கூறப்படும் இவ்வாலயம் யுத்தத்தாலும் தீயாலும் பன்முறை அழிந்தது. 2012இலும் 2021இலும் பிரதான மண்டபமே எரிந்துபோனது வருந்தத்தக்கது. ஆயினும், இலைகளின் அழகைக் காட்டிலும் இம்மலைக்கு மேன்மை தருவது வேறொன்றென்றே சொல்ல வேண்டும்: 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, ஜோசொன் அரச வம்சத்தின் சரித்திர ஏடுகளுக்கு இருந்த நான்கு பிரதிகளுள் மூன்று அழிந்துபட, ஜொன்ஜூ நகரிலிருந்த எஞ்சிய பிரதியை ஆன் உய், சோன் ஹோங்ரோக் என்னும் கல்விமான்கள் இம்மலையின் யோங்குல் ஆசிரமத்திற்குக் கொணர்ந்து, இரவும் பகலும் காவல் புரிந்து காப்பாற்றினர். யுத்தம் ஓய்ந்தபின், 1603 முதல் 1606 வரை புதிய பிரதிகள் அச்சிடப்பட்டதும் அதனைக் கொண்டேயாகும்.