நடுக்களத்தின் நிதானக்காரர்கள்

கால்பந்தாட்டத்தில் நடுக்களத்தில் நிற்பவனுக்குக் கால் வேகம் பிரதானமா, புத்தி பிரதானமா என்ற வாதம் ஆட்டம் முடிந்தபின் எந்த ஊர் மைதானத்தின் ஓரத்திலும் கிளம்பக்கூடியதே. ஆயினும் இந்த வாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதையும், அதன் ஒவ்வொரு கட்டத்திலும் விடை சற்றே இடம் மாறி நின்றது என்பதையும் வாதிப்பவர்கள் நினைத்துப் பார்ப்பது அபூர்வம்.

ஆதியில் நடுக்களம் என்ற ஸ்தானமே இருக்கவில்லை என்று சொன்னாலும் பிழையாகாது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவை அடுத்த பார்ட்டிக்கில், ஒரு கிரிக்கெட் சங்கத்தின் புல்தரையில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் எதிர்த்து ஆடியபோது, ஆங்கிலேயர் பெரும்பாலோர் முன்வரிசையிலேயே திரண்டு நின்றார்கள். பந்து கிடைத்தவன் அதைத் தன் காலடியில் வைத்துக்கொண்டே முட்டி மோதி முன்னேறுவதும், அவன் தடுக்கப்பட்டால் பின்தொடர்ந்து வருபவன் அதைப் பற்றிக்கொள்வதுமே அவர்கள் அறிந்த ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினொருவரும் குவீன்ஸ் பார்க் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். எதிரிகளைவிட எடை குறைந்தவர்கள். மோதலில் ஜயிக்க முடியாதவன் மோதலைத் தவிர்க்கும் வழியைத்தானே தேடுவான்? ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்குப் பந்தைத் தட்டிவிடும் யுக்தியை வளர்த்துப் பிற்பாடு பிரசித்திபெறச் செய்தவர்கள் இந்தச் சங்கத்தார். அன்றைய ஆட்டத்தில் இரு தரப்பும் கோல் போடவில்லை. ஆனால், தட்டிவிடும் ஆட்டம் என்று ஒன்று வந்தபின், எங்கே தட்டிவிடுவது என்று தீர்மானிக்க ஒருவன் தேவைப்பட்டான். நடுக்களத்தானின் ஜாதகம் அங்கே தொடங்குகிறது.

அந்த உத்தியோகத்தைப் பல ஆண்டுகள் வகித்தவன் சென்டர் ஹாஃப் எனப்பட்டவன். தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே நின்று இரண்டையும் நடத்தியவன். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. முன்னே நிற்பவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருவராகத் தளர்த்தப்பட்டதும் கோல்கள் மழையாகக் கொட்டலாயின. ஆர்சனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன் முதலியோர் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்துத் தற்காப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். நடுவில் வெறுமை ஏற்பட்டது. அதை நிரப்புவதற்காக 1929இல் பிரஸ்டன் அணியிலிருந்து 8,750 பவுன் கொடுத்துச் சாப்மன் வாங்கி வந்தவர் அலெக்ஸ் ஜேம்ஸ் என்ற குள்ளமான ஸ்காட்லாந்துக்காரர். முழங்காலைத் தொடும் தொளதொளத்த காற்சட்டையும் அவசரமற்ற நடையுமாக அவர் மைதானத்தில் உலவுவதைப் பார்த்தவர், இவரைத்தானா இவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்கவும் கூடும். பந்து அவர் காலுக்கு வரும்; ஒரு கணம் நிற்கும்; பிறகு நாற்பது கஜம் தாண்டி, ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாஸ்டினின் முன்னாலோ ஹியூமின் முன்னாலோ போய் விழும். ஜோ ஹியூம் அந்தக் காலத்து ஓரத்து ஆட்டக்காரர்களில் அதிவேகமான ஒருவர். 1931க்கும் 1935க்கும் இடையே ஆர்சனல் நான்கு முறை லீக் பட்டம் பெற்றது.

இங்கே நான் சற்று நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். ஜேம்ஸின் நிதானத்தை வியந்தவர்கள் பலர். அந்த நிதானம் பலித்ததற்கு ஹியூமின் கால்களே காரணம் என்று சேர்த்துச் சொன்னவர்கள் சிலரே. பல்லக்கில் இருப்பவரைப் பார்க்கிற கண் பல்லக்குத் தூக்குபவரைப் பார்ப்பதில்லை. நடுக்களத்தின் சரித்திரம் முழுவதிலும் இந்த ஓரவஞ்சனை தொடர்ந்து வருகிறது என்பதே என் அபிப்பிராயம்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் தோற்கடித்தபோது ஆட்டத்தைப் பின்னாலிருந்து நடத்திய யோசெஃப் போஷிக்கும் வேகத்துக்குப் பெயர்பெற்றவர் அல்லர். அன்று ஒரு கோலும் அவர் போட்டார். ஆனால் நிதானக்காரர்களில் தலையாயவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் பிரேசிலின் டிடியைத்தான் சொல்வேன்.

பதினான்காம் வயதில் முழங்காலில் கண்ட புண் முற்றி, காலையே எடுக்கவேண்டி வருமோ என்ற பயத்தில் கிடந்த பையன் அவர். எழுந்து நடந்து, ஆட்டக்காரராகி, 1958இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போனபோது வயது இருபத்தொன்பது. தலையை நிமிர்த்தி, முதுகை வளைக்காமல், பந்தைப் பார்க்காமலே பந்தோடு நடப்பார். ஆட்டக்காரன் ஓடவேண்டியதில்லை, பந்து ஓடினால் போதும் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வாக்கு இன்றும் வழங்குகிறது. ஜூன் 29 அன்று ஸ்டாக்ஹோம் அருகில் இறுதி ஆட்டம். நான்காம் நிமிஷத்திலேயே ஸ்வீடனின் லீட்ஹோம் கோல் போட்டுவிட்டார். அந்தப் போட்டி முழுவதிலும் பிரேசில் பின்தங்கியது அதுவே முதல் தடவை. எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊர் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் கோப்பையைப் பறிகொடுத்த திகில் எல்லார் மனத்திலும் இருந்தது. டிடி வலைக்குள் சென்று பந்தை எடுத்து, கையில் இடுக்கிக்கொண்டு, மைய வட்டத்தை நோக்கி மெதுவாக நடந்துவந்தார். இளையவர்கள் பதற்றத்தோடு அவசரப்படுத்தியும் அவர் நடையைக் கூட்டவில்லை; வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். ஐந்து நிமிஷத்தில் வவா சமன் செய்தார், முடிவில் 5-2. அந்தப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற கௌரவமும் டிடிக்கே கிடைத்தது.

இவ்வளவும் புத்தகங்களில் உள்ளதே. அதே பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும் இருவரைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் சோவியத் ரஷ்யாவுக்கு எதிராகப் பெலேயும் கரிஞ்சாவும் முதன்முதலாக அந்தப் போட்டியில் இறக்கப்பட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள்; அன்றே இறக்கப்பட்ட மூன்றாமவர் சீட்டோ, டிடியின் பக்கத்தில் நின்று அவர் விட்ட இடமெல்லாம் ஓடி அடைத்தவர். மற்றொருவர் ஜகாலோ. இடது ஓரத்து முன்வரிசைக்காரரான அவர், பந்து எதிரியிடம் போன மறுகணம் நடுக்களத்துக்கு ஓடிவந்து மூன்றாவது ஆளாக நிற்பார்; இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் நான்காவது கோலையும் போட்டார். இவ்விருவரும் ஓடியதனால்தான் டிடியால் நடக்க முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஸான்டியாகோவில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கணக்கு 1-1 ஆக நின்றபோது, பின்னாலிருந்து ஓடிவந்து தலையால் முட்டிப் பிரேசிலை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் சீட்டோவே.

ஓடுகிறவனுக்குப் புத்தி மட்டம் என்று நினைத்துவிடலாகாது. 1970இல் மெக்ஸிகோவில் பிரேசிலின் பயிற்சியாளராக வந்தவர் அதே ஜகாலோ. பெருவின் பயிற்சியாளராக வந்தவர் அதே டிடி. கால் இறுதியில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஓடியவரின் அணி நடந்தவரின் அணியை 4-2 என்று வென்றது. அந்தப் பிரேசில் அணியின் நடுக்கள மூளை ஜெர்சன். புகைபிடிக்கும் பழக்கத்தை விடாதவர். கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கும் மேலான மெக்ஸிகோ நகரில், மூச்சு வாங்கும் காற்றில், இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இடது காலால் தூரத்திலிருந்து அடித்து இரண்டாவது கோல் போட்டவர். பக்கத்தில் ஓடியவன் இருபது வயதுக் குளோடோவால்டோ. அந்த அணியின் கலையைப் புகழ்வோர், அதற்கு அளிக்கப்பட்ட கடுமையான தேகப்பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். பிரேசில் அந்தப் போட்டியில் போட்ட பத்தொன்பது கோல்களில் பன்னிரண்டு இரண்டாம் பாதியில் விழுந்தவை.

பந்து வந்தபின் யோசிக்கும் பாக்கியம் அதன்பிறகு நடுக்களத்தானுக்கு நீடிக்கவில்லை. அரிகோ சாக்கி பயிற்றுவித்த மிலான் அணி தன் வரிசைகளை நெருக்கமாக நிறுத்தி, பந்தைப் பெற்றவனை மூன்று நான்கு பேராகச் சூழ்ந்து நெருக்கும் முறையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியது. 1989 ஏப்ரல் 19 அன்று ரியல் மாட்ரிட் அதனிடம் 5-0 என்று தோற்றது. நிதானம் அழிந்தது என்று பலர் நினைத்தார்கள். அழியவில்லை, பந்து வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்பெயினின் சாவி, பந்து தன் காலுக்கு வருமுன் தலையை இடமும் வலமும் ஓயாமல் திருப்பி யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து இந்தத் தலைதிருப்பலை எண்ணியே பார்த்தார், அடிக்கடி பார்ப்பவர்களின் பந்து சரியான ஆளிடம் போய்ச் சேருவது அதிகம் என்று கண்டார்.

2006 ஜூலை 4, டார்ட்மண்ட், உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதி, 119ஆவது நிமிஷம். கார்னரிலிருந்து விலக்கப்பட்ட பந்து பெனால்டி எல்லையின் விளிம்பில் இத்தாலியின் பிர்லோவிடம் வருகிறது. அவர் அடிக்கவில்லை. குறுக்காக வலப்பக்கம் நகருகிறார். அடித்துவிடுவாரோ என்று ஜெர்மானியர் அவரை நோக்கி வருகிறார்கள். அவர்கள் வந்ததனாலேயே திறந்த சந்தில், முகத்தைத் திருப்பாமலே, குரோஸோவின் காலுக்குப் பந்தைச் செலுத்துகிறார். கோல். ஐந்து நாள் கழித்துக் கோப்பை. இதிலும் பிர்லோவின் பெயரே மனத்தில் நிற்கிறது. கட்டூசோ என்பவர் அதுவரை 119 நிமிஷம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார் என்பது நிற்பதில்லை.

ஆகவே, ஒருவனை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் புத்தியுள்ளவனையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் ஓட ஒருவனைத் தரமாட்டோம் என்பார்களானால் அந்தத் தேர்வையே மறுப்பேன். அடுத்த முறை தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்க உட்காரும் வாசகர், வர்ணனையாளர் மேதை என்று கொண்டாடும் ஆட்டக்காரரை விட்டுவிட்டு, ஒரு பத்து நிமிஷம் அவருக்குப் பக்கத்தில் ஓடுகிறவரை மட்டும் கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.