வெனிஸ் விடுதியும் விருதுநகர் பேட்டையும்

இன்றைக்கு ஒருவர் வெனிஸ் நகரத்துக்கு டூர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வார்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரூம் தேடுவார். கால்வாயைப் பார்த்த ஜன்னல் வேண்டுமா, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேண்டுமா, காலை டிபன் வாடகையில் சேர்த்தியா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்றெல்லாம் பார்ப்பார். பணம் கட்டினால் ரூம் ரெடி!

ஆனால் 500 வருடங்களுக்கு முன்னால் அதே வெனிஸுக்கு வந்த ஜெர்மன் வியாபாரி தனக்குப் பிடித்த இடத்தில் தங்க முடியாது. 200 வருடங்களுக்கு முன்னால் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி விருதுப்பட்டிக்கு வந்த நாடார் வியாபாரியும் அப்படித்தான். "இன்று ராத்திரி எங்கே தங்குவது?" என்ற கேள்விதான் இரண்டு பேருக்கும் பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் இரண்டு நகரங்களின் வரலாற்றையே மாற்றின. எப்படி என்று பார்ப்போம்.

வெனிஸ்: பூட்டி வைத்த விடுதி

வெனிஸில் பெரிய கால்வாயின் ஓரம், ரியால்டோ பாலத்தை ஒட்டி ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. பெயர் ஃபொண்டாகோ தேய் தெதெஸ்கி. "ஜெர்மானியர்களின் விடுதி" என்று அர்த்தம். 1228-லேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1505-ல் தீப்பிடித்து எரிந்து போனது. வெனிஸ் அரசு தன் சொந்தச் செலவிலேயே திரும்பக் கட்டி 1508-ல் முடித்தது. வெளிச்சுவரில் ஓவியம் தீட்டியவர்கள் யார் தெரியுமா? ஜியார்ஜியோனேயும் டிஷியனும்! உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் உள்ளே கதை வேறு. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வரும் ஜெர்மன் வியாபாரிகள் அங்கேதான் தங்க வேண்டும். சரக்கையும் அங்கேதான் இறக்க வேண்டும். அரசு அதிகாரிகள் கணக்கெடுத்து வரி போடுவார்கள். அரசு நியமித்த தரகர் இல்லாமல் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. ராத்திரி ஆனால் கதவைப் பூட்டிவிடுவார்கள். கீழே கிடங்கு, மேலே படுக்கை அறை, நடுவில் முற்றம். வசதியான விடுதிதான், ஆனால் சாவி அரசின் கையில்! பிறகு 1621-ல் துருக்கி வியாபாரிகளுக்கும் இதே மாதிரி ஒரு விடுதி ஏற்பாடானது.

"ஃபொண்டாகோ" என்பது அரபியில் உள்ள "ஃபுந்துக்" என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்கும் அரபி பேசும் நாடுகளில் ஹோட்டலுக்கு ஃபுந்துக் என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் தங்கும் இடமும் கிடங்கும் சந்தையும் ஒன்றாகவே இருந்தன.

பி.காம் படிப்பவர்களுக்கு இங்கே இன்னொரு சுவாரசியமான விஷயம். நாம் முதல் வருடத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் லூக்கா பாசியோலி. அந்தப் புத்தகம் 1494-ல் வெளியானது இதே வெனிஸில்தான்.

புரூஜ்: சத்திரக்காரர் வீட்டு வாசலில் பங்குச்சந்தை

பெல்ஜியத்தில் உள்ள புரூஜும் கால்வாய்களின் நகரம்தான். அங்கே வான் டெர் பியூர்ஸே என்ற குடும்பம் ஒரு விடுதி நடத்தி வந்தது. வெளிநாட்டு வியாபாரிகள் அந்த விடுதிக்கு முன்னால் கூடி உண்டியல் மாற்றுவார்கள், விலை பேசுவார்கள். புரூஜ் நகரத்தின் விடுதிக்காரர்கள் சும்மா படுக்கை மட்டும் கொடுக்கவில்லை. தங்க வருபவரின் சரக்கைப் பத்திரமாக வைத்தார்கள், தரகு பேசினார்கள், பணத்தையும் வாங்கி வைத்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் பங்குச்சந்தையைக் குறிக்கும் "போர்ஸ்" என்ற சொல் இந்தக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

ஆக, வியாபாரி தங்குகிற இடத்தில் வியாபாரமும் வந்து தங்கிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ஊர்ச் சத்திரங்கள்

தமிழ்நாட்டில் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டுவது பெரிய புண்ணியம். 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை இன்றும் தெற்குச் சீமை மறக்கவில்லை. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி 1801-ல் எழுதிய ஒரு கடிதத்தில், சத்திரத்தில் எல்லாச் சாதியாருக்கும் சாப்பாடு உண்டு என்றும், நடுராத்திரியில் மணி அடித்துச் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச் சொல்லி அழைப்பார்கள் என்றும் சொல்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சோறு எல்லாருக்கும் கிடைத்தது, பந்தி எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. யார் எங்கே உட்காரலாம், யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. இரண்டு, சத்திரம் முக்கியமாக யாத்திரை போகிறவர்களுக்கானது. பத்து வண்டிச் சரக்கோடு வருகிறவனுக்கு சோறு மட்டும் போதுமா? மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், மூட்டைக்குக் காவல் வேண்டும்.

ஆறு ஊர்கள், ஆறு பேட்டைகள்

திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணலில் பனை ஏறிப் பிழைத்த நாடார்களில் ஒரு பகுதியினர், கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வியாபாரத்துக்கு வந்தார்கள். 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்து கும்பெனி ஆட்சி உறுதியான பிறகு இந்தப் போக்குவரத்து இன்னும் அதிகமானது. வந்தவர்கள் திரும்பிப் போகாமல் அங்கங்கே தங்க ஆரம்பித்தார்கள். அப்படி வேரூன்றிய ஊர்கள் ஆறு: விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி.

இந்த ஊர்களை மேப்பில் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மதுரையிலிருந்து திருமங்கலம் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து விருதுநகர் 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விருதுநகரிலிருந்து சிவகாசியும் ஏறக்குறைய அதே தூரம், அருப்புக்கோட்டை அதைவிடக் கொஞ்சம் பக்கம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு மணி நேரத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாமே வண்டிக்கு ஒரு ராத்திரிப் பயணம்!

வழியில் திருட்டு பயம். ஊருக்குள் போனால் சாதி. கோவிலுக்குள்ளேயே நுழையக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு ஊர் நடுவில் யார் திண்ணை கொடுப்பார்கள்? யாரும் இடம் கொடுக்காததால் அவர்களே ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். அதுதான் பேட்டை. சுற்றிலும் மதில், உள்ளே வண்டிகளை அவிழ்த்துப் போட இடம், மாடுகளுக்குத் தண்ணீர், மூட்டைகளை அடுக்கக் கிடங்கு, சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க இடம். வெனிஸ் விடுதியில் இருந்த எல்லாமே ஏறக்குறைய இங்கேயும் இருந்தது, ஓவியம் மட்டும்தான் இல்லை!

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. வெனிஸில் கதவைப் பூட்டியது அரசு, வியாபாரியைக் கண்காணிப்பதற்காக. பேட்டையில் கதவைப் பூட்டியவர்கள் வியாபாரிகளே, தங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

மகமை என்ற மந்திரம்

மதிலையும் கிணற்றையும் பராமரிக்கப் பணம் வேண்டுமே? பேட்டைக்கு வந்து இறங்கும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வாங்கினார்கள். அதற்குப் பெயர் மகமை. அதை நிர்வாகம் செய்தது உறவின்முறை. ஊரில் உள்ள குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த சபை அது.

ஒரு மூட்டைக்குக் கொடுப்பது மிகச் சின்னத் தொகை. யாருக்கும் வலிக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான மூட்டைகள்! பேட்டைச் செலவு போக மிச்சம் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் அந்த மக்களின் புத்திசாலித்தனம் தெரிகிறது. பங்கு போட்டுக்கொள்ளவில்லை. கிணறு வெட்டினார்கள், கோவில் கட்டினார்கள், கடைசியில் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

1885-ல் விருதுப்பட்டியில் சத்திரிய வித்யாசாலை ஆரம்பிக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவியது. 1903-ல் அந்த ஊரில் பிறந்த ஒரு பையன் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சில வருடங்கள் படித்தான். வீட்டுக் கஷ்டத்தால் பாதியில் படிப்பை நிறுத்தினான். பிறகு 1954-ல் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தான். காமராஜர்! வண்டிக்காரர்கள் ராத்திரி தங்குவதற்குப் போட்ட மதிலிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு நேர்கோடு போகிறது.

அந்தக் கோடு வங்கி வரைக்கும் நீண்டது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. அதுதான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. புரூஜில் சத்திரக்காரர் வீட்டு வாசலில் பங்குச்சந்தை வந்த மாதிரி, இங்கே பேட்டையில் வளர்ந்த சேமிப்புப் பழக்கம் வங்கிக்கு வழி காட்டியது.

ரயிலும் தீப்பெட்டியும்

1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை திறக்கப்பட்டது. விருதுப்பட்டிக்கு ஸ்டேஷன் கிடைத்தது. பருத்தியும் மிளகாயும் பருப்பும் ரயில் ஏற ஆரம்பித்தன. வண்டிப் பயணம் குறைந்தது. ராத்திரி தங்க வேண்டிய அவசியமும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆனால் வியாபாரத்தில் வளர்ந்ததால் மட்டும் மரியாதை வந்துவிடவில்லை. கோவில் நுழைவு உரிமை கேட்ட தகராறு முற்றி, 1899 ஜூன் 6-ம் தேதி சிவகாசி ஊரே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதி கோவில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பணம் இருந்தும் வாசல் திறக்கவில்லை!

அதே சிவகாசியிலிருந்துதான் 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். முன்பு சரக்கைத் தேடி வண்டி கட்டினார்கள், இப்போது தொழிலைத் தேடி ரயில் ஏறினார்கள். அவர்கள் திரும்பி வந்த பிறகு தீப்பெட்டி, அடுத்து பட்டாசு, கூடவே லேபிள் அடிக்க அச்சுத் தொழில் என்று ஊர் மாறிப் போனது. 1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்ததும் சிவகாசிச் சரக்கு நாடு முழுக்கப் போனது.

இன்றைக்குத் தீபாவளி ஆர்டர் கொடுக்கவும் காலண்டர், டைரி அடிக்கவும் வெளி மாநில வியாபாரிகள் சிவகாசிக்கு வருகிறார்கள். லாட்ஜில் ரூம் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் தங்க இடமில்லாமல் அலைந்தவர்களின் ஊர் இன்று மற்றவர்களுக்கு இடம் கொடுக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது

நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. பேட்டையும் உறவின்முறையும் ஒரே சாதிக்குள் நின்றவை. அதன் மதில் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. அதே சாலையில் சரக்கும் இல்லாமல் மகமையும் இல்லாமல் நடந்துபோன தலித் கூலிக்கு எந்தப் பேட்டை இருந்தது? மூட்டை இருந்தால்தானே மூட்டைக்கு இவ்வளவு என்று சேர்க்க முடியும்!

எல்லாருக்குமான கதவைத் திறக்கச் சட்டம்தான் வர வேண்டியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற வழக்கம் போராட்டங்களுக்குப் பிறகு 1941-ல் ஒழிந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகள், உணவகங்கள், ஹோட்டல்களுக்குள் நுழைய சாதியோ மதமோ தடையாக இருக்கக் கூடாது என்றது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஹோட்டலோடு தர்மசாலை, சராய், முசாபிர்கானா என்று பழைய விடுதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஏன் அவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருந்தது? அங்கேயெல்லாம் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இருந்ததால்தான்.

இன்று...

வெனிஸ் ஃபொண்டாகோ பிறகு சுங்க அலுவலகமானது, தபால் ஆபீஸானது, 2016-ல் ஆடம்பரப் பொருள் விற்கும் கடையானது. அந்தக் கடையும் பத்து வருடம் கூடத் தாங்கவில்லை. கட்டடம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

நம்ம ஊர்ப் பேட்டைகளைப் பார்க்க டூரிஸ்ட் யாரும் வருவதில்லை. ஆனால் அந்த மகமைப் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்றும் காலையில் மணி அடிக்கிறது.

அடுத்த முறை ரூம் புக் பண்ணும்போது "ஏசி வேண்டுமா, வேண்டாமா?" என்ற கேள்வி மட்டும் திரையில் வந்தால் சந்தோஷப்படுங்கள். "நீ யார்?" என்ற கேள்வி அங்கே வராமல் போவதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ ராத்திரி வெளியில் படுத்திருக்கிறார்கள்.