கொடிமர நிழலும் உத்தராயணமும்

கதிரவன் தென்னெல்லையினின்று வடக்கே திரும்பும் உத்தராயணத்தை நம் முன்னோர் புண்ணிய காலமாகப் போற்றினர். சோழர் கல்வெட்டுகளிலும் உத்தராயண சங்கிராந்தி அறக்கொடைக்குரிய நன்னாளாகக் காணப்படுகிறது.

அத்திருப்பத்தைக் கண்ணாலும் காணலாம். ஒரத்தநாட்டில் மார்கழி ஆறாம் நாளையொட்டி, நண்பகலில் கொடிமர நிழல் வடக்கே மிக நீண்டு, மரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்காக விழும். பகல் சுமார் 11½ மணி நேரமாகச் சுருங்கும். ஆனியிலோ நிழல் தெற்கே சாயும். பகல் சுமார் 12¾ மணி நேரமாக வளரும்.

ஆயின், தை முதல் நாளையன்றோ நாம் உத்தராயணமெனக் கொண்டாடுகிறோம்? ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரு நாட்களும் ஒன்றாயிருந்தன. நம் மாதக் கணக்கு விண்மீன்களை ஒட்டியது. பூமியின் அச்சோ மெல்லத் திசை மாறுவது. ஆதலின் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாளாக விலகி, 1010இல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் அளித்த காலத்தில் குறைவாயிருந்த இடைவெளி, இன்று 24 நாளாயிற்று.

இதனால் மரபு பிழைத்தது என்பது பொருந்தாது. மார்கழி தேவர்களின் வைகறை என்பது ஆன்றோர் வழக்கு. இருள் விலகத் தொடங்கும் நாள் அவ்வைகறைக்குள்ளேயே அமைந்துள்ளது. எனவே மார்கழி வழிபாட்டில் ஒளியின் திருப்பத்தை வணங்கி, தை முதல் நாளில் முன்னோர் வழி நின்று அறம் செய்வோமாக.